கடற்காற்று எத்தனை மணிக்கு வரும்?

சென்னையின் வெப்பநிலையைச் செய்திகளில் இரண்டு எண்களாகச் சொல்வார்கள். ஒன்று நுங்கம்பாக்கம், இன்னொன்று மீனம்பாக்கம். நுங்கம்பாக்கத்து வானிலை நிலையம் கடலிலிருந்து நான்கு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் பத்து கிலோமீட்டர் அளவில். இரண்டுக்கும் நடுவில் பெரிய மலை இல்லை, பெரிய காடு இல்லை, சொல்லும்படியான ஏற்ற இறக்கமும் இல்லை. ஆனாலும் மே மாதத்துப் பிற்பகலில் இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பது அரிது. சாதாரண நாளில் மீனம்பாக்கம் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். சில நாள்களில் வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரி வரை போகும். அதே நேரத்தில் மெரினாவில் அலையோரம் நிற்பவருக்கு இந்த இரண்டு இடங்களையும்விட வெப்பம் குறைவாக இருக்கும். எழுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும் திருத்தணியில் 42, 43 டிகிரி கொளுத்திக்கொண்டிருக்கும்.

கடல் பக்கத்தில் இருப்பதால் குளிர்ச்சி என்று இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடுகிறோம். தவறில்லை, ஆனால் அது பாதி விடைதான். கடல் எல்லா நாளும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, நுங்கம்பாக்கம் ஒரு நாள் 36 டிகிரியோடு நின்றுவிடுவதும், அடுத்த வாரமே 41ஐத் தாண்டுவதும் எப்படி? கடலுக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. அன்றைக்குக் கடற்காற்று எத்தனை மணிக்குக் கரையேறியது, எவ்வளவு தூரம் உள்ளே போனது என்பதைக் கேட்க வேண்டும். கரையோர மக்களின் கோடைகாலம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதலில் மணலையும் தண்ணீரையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த மணலுக்கு 800 ஜூல் அளவு போதும். பள்ளிப் பாடம் இந்த ஐந்து மடங்கு வித்தியாசத்தோடு நிறுத்திக்கொள்கிறது. உண்மையில் இதைவிடப் பெரிய காரணம் வேறொன்று. தண்ணீர் ஒளியை உள்ளே விடும், அசையும், கலக்கும். மணல் இந்த மூன்றையும் செய்யாது.

தெளிந்த கோடை நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் சூரிய ஆற்றல் சுமார் 2.2 கோடி ஜூல். கடலில் விழும் ஒளி பல மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. அலையும் நீரோட்டமும் அந்தச் சூட்டை இன்னும் கீழே இழுத்துச் செல்கின்றன. இருபது மீட்டர் ஆழத்துக்கு அது கலந்துவிடுவதாக வைத்துக்கொண்டால், நாள் முழுக்க வெயில் காய்ந்தும் தண்ணீரின் வெப்பம் கால் டிகிரிதான் ஏறும். காய்ந்த மணலில் கதையே வேறு. மணல் துகள்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று, சூட்டைக் கீழே கடத்த விடாது. ஒரு பகல் முழுவதும் சேரும் சூடு மேலே உள்ள சுமார் பதினைந்து சென்டிமீட்டருக்குள்ளேயே அடைந்து கிடக்கும். விழும் ஒளியில் ஒரு பங்கை மணல் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், உள்வாங்கிய சூட்டை அது வெளியே விடவில்லையென்றால் ஒரே நாளில் 70, 80 டிகிரி ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறாததற்குக் காரணம், மணல் தன் சூட்டை உடனுக்குடன் தன்னைத் தொடும் காற்றுக்கும் வானத்துக்கும் தள்ளிவிடுவதுதான். அப்படித் தள்ளியும் நண்பகலில் மணலின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் போகிறது. செருப்பில்லாமல் மெரினாவின் அகலத்தைப் பகலில் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே இடத்தில் ஒரு சாண் தோண்டிக் கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அலை நனைக்கும் ஈர மணலில் கால் வைத்தாலும் சுடாது, அங்கே நீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வானிலைத் துறை தரும் வெப்பநிலை மணலின் சூடும் அல்ல, தார்ச்சாலையின் சூடும் அல்ல. தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்று புகும்படி சட்டங்கள் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கும் காற்றின் வெப்பம் அது. வெயிலில் நிற்கும் மனிதரின் மேல் ஏறும் சூடு அதைவிட எப்போதுமே கூடுதல்.

ஆக, காலை பத்து மணிக்குள் நிலத்தின் மேல் இருக்கும் காற்று வேகமாகச் சூடேறுகிறது. கடலின் மேல் இருக்கும் காற்று ஏறக்குறைய விடியற்காலையில் இருந்தபடியே இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சென்னைக்கு எதிரே வங்கக் கடலின் மேற்பரப்பு 29, 30 டிகிரியில் இருக்கும். பகலுக்கும் இரவுக்கும் அதில் ஒரு டிகிரி கூட மாற்றம் தெரியாது.

இதன் பிறகு நடப்பதைப் பல புத்தகங்கள், “சூடான காற்று மேலே எழும்புகிறது, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடல் காற்று ஓடி வருகிறது” என்று சொல்கின்றன. வெற்றிடம் என்று எதுவும் உண்டாவதில்லை. நிலத்தின் மேல் இருக்கும் காற்றுப் பத்தி சூடேறி விரிகிறது, உயரத்தில் வீங்குகிறது. அந்த உயரத்தில் நிலத்தின் மேல் அழுத்தம் கூடிவிடுவதால், மேல்மட்டக் காற்று மெல்லக் கடல் பக்கம் வழிகிறது. அப்படி வழிந்த அளவுக்கு நிலத்தின் மேல் உள்ள மொத்தக் காற்றின் எடை குறைகிறது; கடலின் மேல் கூடுகிறது. தரை மட்டத்தில் இதனால் உண்டாகும் அழுத்த வேறுபாடு ஒரு மில்லிபார் அளவுதான். மொத்த வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு வேறுபாடே கடலின் மேல் இருக்கும் குளிர்ந்த, கனமான காற்றைக் கரைக்குள் தள்ளப் போதுமானது. மணிக்குப் பத்து முதல் இருபது கிலோமீட்டர் வேகம். அரை கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை தடிமன். அதற்கு மேலே எதிர்த்திசையில் காற்று கடலுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்.

இதைக் கவனித்து எழுதியவர்கள் பலர். உலகைக் கப்பலில் சுற்றிய வில்லியம் டாம்பியர், 1699-ல் வெளிவந்த தன் நூலில் வெப்பமண்டலக் கரைகளின் கடற்காற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். காலை ஒன்பது மணி வாக்கில் மெல்லத் தொடங்கி, நண்பகல் வரை வலுத்து, மாலை ஐந்து மணியளவில் ஓயும் என்பது அவர் கணக்கு. நம் கரையோர மீனவர்களுக்கு இது எழுதி வைக்க வேண்டிய செய்தியாகவே இருந்திருக்காது. விடியுமுன் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்றில் பாய் விரித்துக் கட்டுமரத்தில் போவதும், பகலில் கடற்காற்று எழுந்ததும் அதே பாயில் கரை திரும்புவதும் அவர்களுடைய அன்றாடம். எஞ்சின் வருவதற்கு முன் அவர்களுடைய வேலை நேரத்தை நிர்ணயித்ததே இந்த இரண்டு காற்றுகள்தான்.

கடற்காற்று ஊருக்குள் சிறுகச் சிறுகக் கசிந்து பரவுவதில்லை. முன்னே ஒரு விளிம்போடு வருகிறது. வானிலையாளர்கள் அதைக் கடற்காற்று முகப்பு என்பார்கள். அது உங்கள் தெருவைக் கடக்கும் கணத்தைக் கருவி இல்லாமலே உணரலாம். மேற்கிலிருந்து அனலாக வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கும்; சில நிமிடம் இலை அசையாது; பிறகு கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ ஈரமான காற்று உள்ளே வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெப்பமானி மூன்று, நான்கு டிகிரி இறங்கிவிடும். சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் இயங்கத் தொடங்கிய டாப்ளர் ரேடாரின் படத்தில், மழையே இல்லாத நாளிலும் கரைக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு மேற்கு நோக்கி நகர்வதைச் சில நேரம் பார்க்கலாம். அந்த முகப்பில் மேலே தூக்கப்படும் பூச்சிகளும், ஈரமும் வறட்சியும் சந்திக்கும் விளிம்பும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதால் தெரியும் கோடு அது. பிரிட்டனில் ஜான் சிம்ப்சன் என்ற வானிலை ஆய்வாளர் இந்த முகப்பைப் பல ஆண்டுகள் துரத்திப் படித்தவர். உழவாரக் குருவிகள் அதையொட்டிப் பறந்து பூச்சி பிடிப்பதையும், கிளைடர் விமானிகள் அதன் மேலேறும் காற்றில் மிதப்பதையும் பதிவு செய்திருக்கிறார்.

முகப்பு உங்கள் ஊரைத் தொடும் நேரம்தான் அன்றைய உச்ச வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. கடற்காற்று வந்து தடுக்காவிட்டால் நிலம் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை சூடேறிக்கொண்டே போகும். கடற்காற்று பதினோரு மணிக்கே வந்துவிட்டால் அந்த ஏற்றம் பாதியில் வெட்டுப்படும். அன்றைய உச்சம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். மெரினாவை அது பதினோரு மணிக்குத் தொட்டால், மீனம்பாக்கத்துக்கு இன்னும் சிறிது நேரம், ஸ்ரீபெரும்புதூருக்குப் பிற்பகல், காஞ்சிபுரத்துக்கும் அரக்கோணத்துக்கும் மாலை. அதுவரை அந்த ஊர்கள் சூடேறிக்கொண்டே இருக்கும். போகும் வழியில் சுடும் தரையைத் தடவிக்கொண்டு போவதால் காற்றும் தன் குளிர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. அலையோரத்தில் 32 டிகிரியாக நுழைந்த காற்று பத்து கிலோமீட்டர் உள்ளே போவதற்குள் 35ஐ நெருங்கிவிடும். கரையிலிருந்து உள்ளே போகப்போகத் தரையையொட்டிய இந்தச் சூடான அடுக்கு தடிமனாகிக்கொண்டே போவதைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தினர் நீண்ட காலமாக அளந்து வருகிறார்கள். அணு உலையிலிருந்து ஏதாவது வெளியேறினால் அது எங்கே எப்படிப் பரவும் என்று தெரிந்துகொள்ள இந்த அடுக்கு முக்கியம்.

இனி மேற்குக் காற்று. சென்னைக்காரர்கள் கோடையில் அஞ்ச வேண்டியது உச்சி வெயிலைவிட இந்தக் காற்றைத்தான் என்பது என் கருத்து. சூரியன் சென்னையின் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 25 வாக்கில். ஆனால் ஊர் உச்சமாகக் கொதிப்பது ஒரு மாதம் கழித்து, மே கடைசியில். அதற்குள் நிலம் சேர்த்து வைத்த சூடு ஒரு காரணம். இன்னொரு காரணம், தென்மேற்குப் பருவமழையின் வருகையையொட்டித் தீபகற்பத்தின் குறுக்கே மேற்கிலிருந்து வீசத் தொடங்கும் காற்று. அரபிக் கடலில் ஈரமாகப் புறப்படும் அது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, மலையின் இந்தப் பக்கம் இறங்கும்போது அழுத்தத்தால் சூடேறி, பிறகு பல நூறு கிலோமீட்டர் காய்ந்த நிலத்தின் மேல் ஓடி வந்து நம் கரையை அடைகிறது. பல கடற்கரை ஊர்களில் இதைக் கச்சான் என்பார்கள். கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரப் பார்க்கும், இது அதை வெளியே தள்ளும். மேற்கு லேசாக இருந்தால் கடற்காற்று பன்னிரண்டு மணிக்குள் வென்றுவிடும். மேற்கு வலுவாக இருந்தால் இரண்டு மணி, மூன்று மணி ஆகும். சில நாள் கரையோரத்திலேயே முகப்பு நின்றுவிடும். மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் ஈரக்காற்று வீச, கிண்டிக்கு மேற்கே இருப்பவர்கள் 41 டிகிரியில் வெந்துகொண்டிருப்பார்கள். பத்து கிலோமீட்டருக்குள் நான்கைந்து டிகிரி வித்தியாசம் வருவது இப்படிப்பட்ட நாள்களில்தான். முகப்பு கரையையே தொடாத நாளில் வித்தியாசமும் இருக்காது. கடற்கரையும் உள்நாடும் சேர்ந்தே கொதிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி அத்தகைய நாள்களின் உச்சம். கடல் நான்கு கிலோமீட்டர் அளவில்தான் இருந்தது. ஆனால் அதன் குளிர்ச்சியைக் கொண்டுவரும் காற்று இல்லை. அந்தக் கோடையில் பக்கத்து ஆந்திரத்தில் வெப்ப அலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

வங்கக் கடலில் மே மாதம் உருவாகும் புயல்களும் இதே வேலையைச் செய்கின்றன. புயல் நம் பக்கம் வராமல் வங்காளத்தையோ மியன்மாரையோ நோக்கி வடக்கே போனால், தன் சுழற்சிக்குள் இழுத்துக்கொள்ளும் காற்று தமிழ்நாட்டின் மேல் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வறட்சியாக ஓடுகிறது. கடற்காற்று நாள் முழுக்க அடைபடுகிறது. 2020-ல் அம்பன் புயலின்போதும், 2023-ல் மோக்கா புயலின்போதும் சென்னை 40 டிகிரியைத் தாண்டியதற்குக் காரணம் இதுதான். கடலில் புயல், ஊரில் அனல் என்பது முதலில் கேட்பவர்களுக்கு முரணாகத் தோன்றும்.

இந்த மோதலுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. மேற்கே காய்ந்து கிடக்கும் சூடான காற்றின் அடியில் ஈரமான கடற்காற்று ஆப்பு போல நுழையும்போது முகப்பில் காற்று மேலே தூக்கப்படுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை திருவள்ளூர், அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் மாலையில் இடிமேகங்கள் கட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அந்த மேகங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வர, சென்னையில் இரவு மழை கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை ஊர் என்று பெயர் பெற்ற சென்னைக்குத் தென்மேற்குப் பருவ மாதங்களிலும் 400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கிடைப்பதில் கடற்காற்றின் பங்கு பெரிது.

எல்லாக் கரைகளும் சென்னை போல இல்லை. மூன்று பக்கம் அல்ல, நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த பாம்பனில் எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அது தண்ணீரைத் தொட்டுத்தான் வர வேண்டும். மே மாதத்திலும் அங்கே பகல் உச்சம் பெரும்பாலும் 33, 34 டிகிரியைச் சுற்றியே நிற்கும். வடமேற்கே மதுரை 38, 40 என்று போகும். இதற்கு நேர்மாறாக, ஜூன், ஜூலையில் வரைபடமே தலைகீழாகிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக் கடல் காற்று நேரே நுழையும் கோயம்புத்தூர் 31, 32 டிகிரியில் இதமாக இருக்க, கடலோர நாகப்பட்டினமும் கடலூரும் 36, 37ல் தவிக்கின்றன. கோவைக்குப் பக்கத்தில் கடலே இல்லை, நாகைக்குக் காலடியில் கடல். கோவையின் உயரமும் கொஞ்சம் உதவுகிறது என்றாலும், காற்று கடைசியாக எதன் மேல் ஓடி வந்தது என்பதே இங்கே பெரிய காரணம். கடல் எவ்வளவு குளிர்ந்தது என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே பசிபிக்கின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுந்துகொண்டே இருப்பதால், ஜூலையிலும் ஊரின் பகல் உச்சம் 20 டிகிரியைத் தாண்டத் திணறும். சுமார் நூற்று இருபது கிலோமீட்டர் உள்ளே சாக்ரமெண்டோவில் அதே மாதம் 34. நம் வங்கக் கடல் 30 டிகிரி. அதிலிருந்து வரும் காற்று வெயிலின் கொடுமையைத் தணிக்கும், குளிரூட்டாது.

வெப்பமானி ஒன்று சொல்லும், உடம்பு வேறு சொல்லும். மே மாதத்தில் வேலூரிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள், “அங்கே வெயில் சுடும், ஆனால் இப்படிப் புழுங்காது” என்று சொல்வது வெறும் ஊர்ப்பற்று இல்லை. மனித உடல் கோடையில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் குளிர்ச்சி வருவதில்லை; வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 ஜூல் சூடு உடலை விட்டுப் போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் வழிந்து சொட்டும். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இதை அளக்க வெப்பமானியின் குமிழில் ஈரத் துணி சுற்றிக் காற்றில் வைப்பார்கள். அது காட்டும் அளவு ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று உள்நாட்டு ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் அளவு 24 டிகிரிக்குச் சற்று மேலே வரும். கடற்கரையில் 34 டிகிரி, 65 சதவீதம் என்றால் அது 28க்கு மேல் போகும். காற்றின் வெப்பத்தில் ஆறு டிகிரி குறைவான கரையோரம், வியர்வையைக் காய வைப்பதில் நான்கு டிகிரி மோசம். ஈரக்குமிழ் அளவு 35ஐ எட்டினால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. அதற்குப் பிறகு ஆள்களை வைத்துச் செய்த சோதனைகள், அந்த எல்லை அதைவிடக் கீழேயே இருப்பதாகக் காட்டுகின்றன. ஆகவே கடற்கரை என்றால் பாதுகாப்பு என்று நினைப்பது சரியல்ல. அலையோரத்தில் காப்பாற்றுவது காற்றின் வேகம்தான். வீசும் காற்று தோலின் மேல் தேங்கும் ஈரத்தை விரட்டிக்கொண்டே இருக்கிறது. அதே காற்று புகாத ஒரு குடியிருப்பு அறைக்குள் கடலோரத்து ஈரம் மட்டும் மிஞ்சும்.

இரவில் கணக்கு திரும்பிவிடுகிறது. நிலம் வேகமாகச் சூட்டை இழக்கிறது, கடல் இழப்பதில்லை. மேகமில்லாத ஜனவரி இரவில் வேலூர் 18 டிகிரி அளவுக்கு இறங்கும்போது சென்னை 21ல் நிற்கும். காற்றில் உள்ள நீராவி, தரை வெளியிடும் வெப்பக் கதிர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதால் கரையோர இரவு எளிதில் ஆறாது. மே மாதத்தில் இது வேதனை. பகலில் 36 டிகிரியோடு தப்பித்த ஊர், இரவில் 29க்குக் கீழே இறங்க மறுக்கும். பகல் உச்சத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த இரவுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே தூங்க முடியாமல் விடியும் இரவுகள் உடம்பில் சேர்ந்துகொண்டே போகின்றன. கடலும் முன்போல் இல்லை. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு டிகிரி சூடேறியிருப்பதாக இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. சூடேறிய கடலிலிருந்து வரும் காற்றும் அந்த அளவுக்குக் கூடுதல் சூடும் கூடுதல் ஈரமும் சுமந்து வரும்.

ஊர் கட்டும் விதத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. கடற்காற்று அரை கிலோமீட்டர் தடிமனுள்ள அடுக்கு என்றாலும், மனிதர்களுக்குப் பயன்படுவது அதன் அடியிலிருக்கும் முதல் சில மீட்டர்கள்தான். கரையோரம் இடைவெளி விடாமல் அடுக்குமாடிகள் எழுந்தால் முதல் வரிசைக்குக் கடல் காட்சியும் காற்றும் கிடைக்கும். பின்வரிசைக்கு நின்றுபோன காற்றும், முன்வரிசையின் ஏசி வெளியே தள்ளும் சூடும் கிடைக்கும். ஹாங்காங்கில் இப்படிக் கட்டடங்கள் சுவர் போல நின்று காற்றை அடைத்துவிட்டதை, 2003-ல் சார்ஸ் தொற்று பரவிய பிறகுதான் நகர நிர்வாகம் முழுமையாக உணர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில், பெரிய கட்டுமானத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு என்ற ஒன்றை அங்கே கொண்டுவந்தார்கள். சென்னைக்கு இயற்கை ஏற்கெனவே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. கூவமும் அடையாறும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலைச் சேர்கின்றன. ஆற்றின் திறந்த வெளி, கடலிலிருந்து வரும் காற்றுக்கு ஊருக்குள் நுழையத் தடையில்லாத பாதை. ஆற்றங்கரையை ஆக்கிரமிப்பதை வெள்ளத்தோடு மட்டும் தொடர்புபடுத்திப் பேசுகிறோம். காற்றோடும் தொடர்புபடுத்திப் பேச வேண்டும்.

வெப்ப அலைக்கான விதியிலேயே கரைக்கும் உள்நாட்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட நாலரை டிகிரி கூடினால் இந்திய வானிலைத் துறை அதை வெப்ப அலை என்று கணக்கிடும். கடலோர நிலையங்களில் அந்த நாலரை டிகிரி உயர்வோடு 37 டிகிரியே போதும். ஈரத்தால் வரும் ஆபத்தை இது ஓரளவு ஏற்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் நிவாரணம் இறப்புக்குப் பிறகு வருவது. அதற்கு முன்பே செய்யக்கூடிய எளிய காரியம், வேலை நேரத்தை மாற்றுவது.

சென்னை என்று ஒரே எண்ணைச் சொல்லி அதை வைத்து மூன்று மாவட்டங்களின் வேலை நேரத்தை முடிவு செய்ய முடியாது. நுங்கம்பாக்கம் 37 காட்டும் நாளில் ஒரகடத்தில் கான்கிரீட் போடுகிறவரும், திருவள்ளூர் செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவரும் 41, 42ல் நிற்கலாம். வானிலைத் துறையின் அறிவிப்பில் காற்றின் திசையும் இருக்கிறது. உங்களிடம் வெயிலில் வேலை செய்கிறவர்கள் இருந்தால், வெப்பநிலையோடு அதையும் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேற்குக் காற்று வலுவாக வீசிக்கொண்டிருந்தால், அன்றைக்குக் கடற்காற்று தாமதமாகும், அல்லது வராமலே போகும். அப்படிப்பட்ட நாளில் பதினோரு மணிக்குள் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், மாலை நான்கு மணிக்குப் பிறகு தொடரச் சொல்லுங்கள். அதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள்.